எந்த நாள் முதல் எண்ணுவது?



வடநாட்டு நகரம் ஒன்றில் நெடுங்காலமாக இயங்கிவரும் ஒரு தமிழ்ச் சங்கம், தன் விதிகளைத் திருத்தி எழுத முற்பட்டபோது, ஆங்கிலத்தில் தயாரித்த நகலைத் தமிழாக்கித் தரும்படி நம்மிடம் கொடுத்தது. மத்திய சர்க்காரில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர் நாம். பகலெல்லாம் சட்டங்களும் அறிவிக்கைகளும் நம் மேஜைமீது கிடக்கும். மாலையில் சங்கத்தின் விதிகள் என்றால் அது பெரிய சுமையாகத் தோன்றவில்லை. ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும் என்று எண்ணி உட்கார்ந்தோம்.

புதிய விதிகளுள் ஒன்று மிகவும் சிறியது. தலைவராகவோ காரியதரிசியாகவோ தேர்ந்தெடுக்கப்படும் ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைகளுக்கு மேல் அப்பதவியை வகித்தலாகாது என்பது அதன் கருத்து. ஆங்கில வாக்கியத்துக்கு நீண்ட வால் ஒன்று இருந்தது. விதி ஏற்கப்பட்ட நாளுக்குப் பின் தொடங்கும் தவணைகளையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று அந்த வால் கூறியது. தமிழில் எழுதிப் பார்த்தோம். வாக்கியம் இழுபறியாக நின்றது. செவிக்கு இனிமையாக இருக்கட்டும் என்று வாலை நறுக்கிவிட்டு, ‘இவ்விதி இன்று முதல் அமுலுக்கு வருகிறது’ என்று கச்சிதமாக முடித்தோம். பொதுக்குழுவில் நம் தமிழ் வாசகம் படிக்கப்பட்டது. கைதட்டலுடன் நிறைவேறியும் விட்டது. ஆங்கில நகல் பீரோவுக்குள் போயிற்று.

அடுத்த தேர்தலில்தான் வினை முளைத்தது. சங்கத்தின் காரியதரிசி பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பதவியில் இருந்தவர். ஊரிலிருந்து வேலைக்கு வரும் பையன்களை ரயில் நிலையத்திற்கே சென்று அழைத்து வருவார். வாடகைக்கு அறை தேடிக் கொடுப்பார். யாராவது இறந்தால் புரோகிதரையும் வண்டியையும் ஏற்பாடு செய்வார். நாமும் அவ்வாறு ஒரு பனிக்காலத்து விடியலில் அவர் கைபிடித்து இறங்கியவர்களே. அவர் மறுபடியும் அபேட்சகராக நின்றார். இளைஞர் சிலர் எழுந்து, ‘விதி இன்று அமுலில் இருக்கிறது, நீங்கள் இரண்டு தவணை அல்ல, ஒன்பது தவணை இருந்துவிட்டீர்கள், ஆகவே நிற்க முடியாது’ என்றனர். அவருடைய நண்பர்களோ, ‘விதி பிறந்ததே போன வருஷம், அது பிறப்பதற்கு முன் நடந்ததை அது எப்படி எண்ணும்?’ என்று கேட்டனர். இரு கட்சியாரும் கையில் உயர்த்திப் பிடித்தது நம்முடைய அந்த ஒரே வாக்கியத்தைத்தான். அவ்வாண்டுப் பொங்கல் விழா ஒரே தெருவில் இரண்டு மண்டபங்களில் நடந்தது.

அன்று முதல் இந்தச் சிக்கலை நாம் மனத்தில் சுமந்து திரிகிறோம். ஆராய்ந்து பார்த்தால், இது ஒரு சங்கத்தின் வீட்டுச் சண்டை மாத்திரம் அன்று. பெரிய பெரிய நகரங்களும் தேசங்களும் இதே இடத்தில் இடறி விழுந்திருக்கின்றன. பதவிக் காலத்துக்கு எல்லை வகுக்கும் எந்தச் சட்டத்திலும் இரண்டு நாட்கள் மறைந்து நிற்கின்றன. சட்டம் உயிர் பெறும் நாள் ஒன்று. எண்ணிக்கை தொடங்கும் நாள் மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்று நினைப்பது எளிது. நாம் அப்படித்தான் நினைத்தோம்.

நம் முன்னோர் இதனை எவ்வாறு கையாண்டனர் என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகும் நேயர்கள், காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் செலவிடும் பொழுதில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து, அங்கிருந்து பஸ் ஏறி உத்திரமேரூருக்குச் சென்று வரலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராகக் குடவோலை மூலம் எடுத்து, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று அமைக்கும் முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. வாரியத்தின் காலம் 360 நாள். முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பது அங்கே ஒரு நிபந்தனை.

இதைக் கேட்டதும் மார்தட்டிக்கொள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம். அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராயும், தம் மனையில் வீடு கட்டியவராயும், வேதம் கற்றவராயும் இருந்தால்தான் ஒருவர் பெயர் ஓலையில் ஏறும். வாக்குச் சீட்டும் கிடையாது. விவரம் அறியாத ஒரு சிறுவன் குடத்துக்குள் கைவிட்டு எடுக்கும் ஓலைதான் தீர்ப்பு. இன்றைய பொருளில் அதை மக்களாட்சி என்று சொல்வது மிகை. ஆயினும் நம் சங்கத்துச் சண்டைக்கு அதில் ஒரு விடை கிடைக்கிறது. அந்த நிபந்தனை, ‘இனிமேல் இத்தனை முறை’ என்று முன்னோக்கி எண்ணவில்லை. ஓலை எடுக்கும் நாளில் நின்றுகொண்டு, ‘கடந்த மூன்றாண்டுகளில் நீ வாரியத்தில் இருந்தாயா?’ என்று பின்னோக்கிக் கேட்கிறது. ஆம் என்றால் விலக வேண்டும். இல்லை என்றால் பெயர் குடத்துக்குள் போகும். எந்த ஆண்டில் விதியை அமுல் செய்தாலும் முதல் நாளிலேயே அது வேலை செய்யும். பழங்கணக்கு முழுவதையும் கிளறாமல் மூன்றாண்டு நினைவோடு நிறுத்திக்கொள்வதால், யாருக்கும் அது ஆயுள் தண்டனையாகவும் ஆகாது. இத்தனைக்கும், 919இல் செய்த ஏற்பாட்டை இரண்டே ஆண்டுகளில் திருத்தி, முப்பது முதல் அறுபது என்றிருந்த வயது வரம்பை முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றியிருக்கிறார்கள். கல்லில் வெட்டியும் திருத்தம் தேவைப்பட்டது என்பதைப் படிக்கையில், காகிதத்தில் தவறிய நமக்குச் சற்றே ஆறுதல்.

இனி, கடல் கடந்து நியூயார்க் நகரத்துக்கு வருவோம். நகரசபை அங்கத்தினரும் மேயரும் தொடர்ந்து இரண்டு தவணைகளுக்கு மேல் இருக்கலாகாது என்று அந்நகர மக்கள் 1993 நவம்பரில் வாக்கெடுப்பு மூலம் முடிவு செய்தனர். தவணை ஒன்றுக்குப் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். ஆனால் எண்ணிக்கை 1994 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தொடங்கும் என்று ஏற்பாடு. அதற்கு முன் ஒருவர் இருபது ஆண்டு இருந்திருந்தாலும் அது பூஜ்யம். ஆகவே 1993இல் மக்கள் போட்ட தாழ்ப்பாள் உண்மையில் விழுந்தது 2001ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான். இடையே எட்டு ஆண்டுகள்.

எட்டு ஆண்டு என்பது அரசியலில் ஒரு யுகம். பதவியில் இருப்பவர்கள் அதைச் சும்மா கழிப்பார்களா? 1996இல் நகரசபை, இரண்டு தவணையை மூன்றாக்கலாமா என்று மக்களையே மறுபடியும் கேட்டது. மக்கள் மறுத்துவிட்டனர். 2001இல் சபையின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஒரே சமயத்தில் வெளியேற வேண்டிய நிலை வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் தேதி அந்நகரில் நடந்த கொடிய தாக்குதலை உலகம் மறக்காது. மேயர் பதவிக்கான முதற்கட்டத் தேர்தல் அன்றைக்குத்தான் நடந்துகொண்டிருந்தது, பாதியில் நிறுத்தப்பட்டது. அந்நாட்களில் நகரத்தைத் தாங்கி நின்ற மேயர் ஜூலியானி, தமக்கு மேலும் மூன்று மாதமாவது வேண்டுமென்று கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. டிசம்பர் 31உடன் அவர் காலம் முடிந்தது. இடிபாடு இன்னும் அகற்றி முடியாத நேரத்தில் அவரை அனுப்பியது சரிதானா என்று நேயர்கள் கேட்கலாம். விதி வகுத்ததே இத்தகைய நேரத்துக்காகத்தான் என்பது நம் கருத்து. தாம் அவசியமானவர் என்று தோன்றாத காலத்தில் எவரும் மேலும் மூன்று மாதம் கேட்பதில்லை.

ஆனால் அடுத்து வந்தவர் கெட்டிக்காரர். மேயர் புளூம்பர்க்கின் இரண்டாம் தவணை முடியும் தறுவாயில், 2008இல், உலகப் பொருளாதார நெருக்கடி வந்து சேர்ந்தது. இந்தச் சமயத்தில் அனுபவசாலி தேவை என்ற வாதத்துடன், மக்களைக் கேளாமலே, நகரசபை தன் சொந்தச் சட்டத்தால் இரண்டை மூன்றாக்கியது. 2008 அக்டோபர் 23ஆம் தேதி ஆதரவாக 29 வாக்குகள், எதிராக 22. எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் கோர்ட்டில் தோற்றனர். 2009இல் புளூம்பர்க் மூன்றாம் முறையும் மேயரானார். ஆனால் வென்ற வித்தியாசம், அவர் செலவிட்ட பணத்தைப் பார்க்கையில், வெகு சொற்பம். மறு ஆண்டே, 2010 நவம்பரில், மக்கள் மீண்டும் இரண்டு தவணைக்குத் திரும்பினர். அதோடு நில்லாமல், பதவியில் இருக்கும் அங்கத்தினர்கள் தங்கள் தவணை வரம்பைத் தாங்களே நீட்டிக்கொள்வதையும் தடுத்தனர். இனிச் சபை நீட்டினாலும் அது பின்னால் வருவோருக்குத்தான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மறுபடியும் அந்த வால் குறுக்கிட்டது. 2010இல் மீட்ட இரண்டு தவணை வரம்பு, அதன்பின் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கே என்று எழுதப்பட்டிருந்தது. முன்பே உள்ளே இருந்தவர்களுக்கு மூன்று தவணை உரிமை நீடித்தது. சபையில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்த இருவருள் ஒருவருக்கு எட்டு ஆண்டு, மற்றவருக்குப் பன்னிரண்டு ஆண்டு. வாக்களித்த மக்களுள் பலர், வரம்பு மறுநாளே எல்லோர்மீதும் பாயும் என்று நம்பியிருக்கக் கூடும். வாக்குச் சீட்டில் இருந்த சிறிய எழுத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? நாம் மொழிபெயர்த்த விதியைப் பொதுக்குழுவில் எத்தனை பேர் படித்தார்கள் என்பதை நினைத்தால் விடை தானே கிடைக்கும்.

பதவியில் இருப்பவரை விலக்கிவிட்டு எண்ணுவது அமெரிக்கர்களுக்குப் புதிதன்று. ஜனாதிபதி இருமுறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று 1951இல் அவர்கள் அரசியலமைப்பைத் திருத்தியபோதும், அப்போது பதவியிலிருந்த ட்ரூமனுக்கு அது பொருந்தாது என்று எழுதிவைத்தனர். ஒரு மனிதரைக் குறிவைத்துச் சட்டம் செய்தோம் என்ற பழி வரக்கூடாதே என்ற நாகரிகம் அதில் உண்டு. காரியம் எளிதில் நிறைவேறட்டும் என்ற தந்திரமும் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவரைத் தொடாத விதிக்கு அவரே வாக்களிப்பார் அல்லவா?

பிலிப்பைன்ஸ் தேசத்துக்குப் போனால் இதே கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. மார்க்கோஸின் நீண்ட ஆட்சி 1986இல் மக்கள் எழுச்சியால் முடிந்தபின், 1987இல் அவர்கள் புதிய அரசியலமைப்பை ஏற்றனர். ஒரே மனிதர் இருபது ஆண்டு ஆண்ட நினைவு பசுமையாக இருந்தது. ஆகையால் மாகாணத் தலைவர், மேயர் முதலிய உள்ளாட்சிப் பதவிகளுக்கு மூன்றாண்டுத் தவணை, தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதினர். நடுவில் ராஜினாமா செய்துவிட்டு, ‘தொடர்ச்சி அறுந்துவிட்டது’ என்று சொல்லும் தந்திரமும் செல்லாது என்று முன்கூட்டியே அடைத்தனர். முதல் தேர்தல் 1988 ஜனவரியில் நடந்தது. முதல் தவணை 1992 வரை நீண்டது, பின்னர் 1995, பின்னர் 1998. ஆக, அங்கும் விதி பிறந்து பதினொரு ஆண்டு கழித்தே முதன்முதலாக அதன் பல் கடித்தது.

கடித்த உடனேயே வழக்கும் வந்தது. மணிலாவை ஒட்டிய பத்தேரோஸ் என்னும் ஊரில் 1988இல் துணை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மேயர் இறந்துபோனதால் 1989இல் மேயர் நாற்காலிக்கு வந்தார். 1992இலும் 1995இலும் மேயராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1998இல் அவர் நிற்கலாமா? மூன்று முறை இருந்தாயிற்று என்றார் எதிரி. சுப்ரீம் கோர்ட் வேறுவிதமாகச் சொல்லிற்று. ஒருவர் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கவும் வேண்டும், அத்தவணையை முழுதும் வகித்திருக்கவும் வேண்டும். இரண்டும் கூடினால்தான் அது ஒரு தவணை. மரணத்தால் வந்த நாற்காலி கணக்கில் சேராது. மக்கள் கொடுத்ததையும் விதி கொடுத்ததையும் வேறாகப் பிரித்த இந்தத் தீர்ப்பு எமக்கு மிகவும் பிடித்தமானது.

அதே நாட்டின் கிராம அளவிலான அமைப்புக்குப் பரங்காய் என்று பெயர். நமக்குப் பரங்கிக்காய் நினைவுக்கு வரும், சம்பந்தம் ஒன்றுமில்லை. பரங்காய்த் தலைவர்களின் தவணையை நிர்ணயிக்கும் பொறுப்பை அரசியலமைப்பு பார்லிமெண்டுக்கு விட்டிருந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கும் தொடர்ந்து மூன்று தவணை என்று வரம்பிட்டது. அதன் ஷரத்து, நம் சங்க விதி சொல்லாமல் விட்டதைத் தெளிவாகச் சொன்னது: 1994ஆம் ஆண்டுப் பரங்காய்த் தேர்தலிலிருந்து எண்ண வேண்டும். 1994, 1997, 2002 என்று மூன்று தேர்தலிலும் வென்றவர்கள் 2007இல் நிற்க முடியாமற் போயிற்று. ‘2002இல் பிறந்த சட்டம் 1994ஐத் தொடுவது அநீதி’ என்று தலைநகரை அடுத்த கலோகான் நகரத்தார் சிலர் வழக்காடினர். கீழ்க் கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. சுப்ரீம் கோர்ட் 2009 நவம்பரில் அதை மாற்றியது. மூன்று தவணை வரம்பு 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்திலேயே இருந்தது. 2002 அதைப் புதிதாகக் கொண்டுவரவில்லை. ஆகவே பின்னோக்கிப் பாய்ந்ததாகக் கொள்ள முடியாது என்பது அதன் காரணம். அதாவது, விளையாட்டு நடக்கையில் விதி தெரிந்திருந்ததா என்பதே கேள்வி. தெரிந்திருந்தால் எண்ணுவதில் அநீதி இல்லை.

இவ்வளவு கண்டிப்புக்குப் பிறகும் அங்கே குடும்ப ஆட்சி ஒழியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது ஆண்டு முடிந்ததும் மனைவி நிற்பார், மகன் நிற்பார். மூன்றாண்டு கழித்துத் தந்தை திரும்பி வருவார். ‘தொடர்ந்து’ என்ற ஒரு சொல்லின் இடுக்கு வழியாக ஒரு குடும்பமே நுழைந்துவிடுகிறது.

நம் பாரத தேசத்தில் நிலைமை என்ன? நேயர்கள் பெரும்பாலோர் பிறந்த ஊரில் வாக்கு இல்லாதவர்கள். பிழைக்க வந்த ஊரின் வார்டில்தான் உங்கள் பெயர் இருக்கும். அந்த வார்டின் அங்கத்தினர் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். ஒருவர் இத்தனை தவணைதான் என்று நம் அரசியலமைப்பு யாருக்கும் வரம்பிடவில்லை. ஊராட்சிக்கும் இல்லை, பார்லிமெண்டுக்கும் இல்லை. ஆள் மாறுவதற்கு வேறொரு வழி இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் ஒதுக்கிய இடங்கள் சுழற்சி முறையில் வார்டுக்கு வார்டு மாறும். தமிழ்நாட்டில் ஓர் ஒதுக்கீடு இரண்டு தேர்தலுக்கு நிலைக்கும். வேறு பல மாநிலங்களில் ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறிவிடும். நேற்று வரை தலைவராக இருந்தவர் இன்று தம் ஊரிலேயே நிற்க இயலாதவர் ஆகிறார். அவர் செய்த குற்றம் ஏதுமில்லை. சக்கரம் சுழன்றது, அவ்வளவே. அதனால் விளைந்த நன்மை மிகப் பெரிது. சுழற்சி இல்லாவிட்டால் ஊராட்சி நாற்காலியின் அருகில் கூடச் சென்றிருக்க முடியாத பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் நன்றாக வேலை செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே வாசல்தான் என்பது அதன் குறை.

நம் அரசியலமைப்பு வரம்பிட்டிருப்பது சபைக்கு. எழுபத்து மூன்றாம் திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அதை எழுதியவர்கள் எண்ணிக்கை தொடங்கும் நாளை மறக்கவில்லை. ஊராட்சியின் காலம் ஐந்து ஆண்டு. அந்த ஐந்து ஆண்டும் தேர்தல் நாளிலிருந்தும் இல்லை, பதவிப் பிரமாண நாளிலிருந்தும் இல்லை. முதற் கூட்டத்துக்குக் குறித்த தேதியிலிருந்து ஓடும். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. சட்டத்தைத் திருத்தி, நடப்பில் உள்ள ஊராட்சியைக் காலத்துக்கு முன்பே கலைப்பதும் ஆகாது. திருத்தம் அமுலான அன்று உயிரோடிருந்த பழைய ஊராட்சிகளும் தங்கள் காலம் முடியும்வரை நீடிக்கலாம் என்று விட்டார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அந்த ஷரத்துகளைப் படிக்கும்போதெல்லாம் நமக்குப் பொறாமையே உண்டாகிறது.

ஆனால் ‘அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை’ என்பதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பழையவர் வெளியேறும் நாள் தவறாமல் வருகிறது. புதியவர் நுழையும் நாள் வருவதில்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பு ஹைகோர்ட்டில் ரத்தாகி, கிராமப்புறங்களில் பெரும் பகுதிக்குத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட 27 மாவட்டத்து ஊராட்சிகள் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தன. நிர்வாகம் தனி அதிகாரிகளின் கைக்குப் போயிற்று. பம்பாய் மாதுங்காவில் இருக்கும் நேயர்கள் அறிவார்கள், அவர்களுடைய மாநகராட்சியின் காலம் 2022 மார்ச்சில் முடிந்து, மூன்றாண்டுகளுக்கு மேல் ஓர் அதிகாரியே நகரை நடத்தினார். பெங்களூரில் 2020 செப்டம்பரில் காலம் முடிந்தது. ஐந்தாண்டு கடந்தும் தேர்தல் வரவில்லை. 2025இல் அந்த மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியே தீரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2006இலேயே அறுதியிட்டுச் சொல்லியிருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? வார்டு அங்கத்தினர் இருபது ஆண்டு உட்கார்ந்திருந்தால் நமக்குக் கோபம் வருகிறது, அது நியாயமே. நாற்காலி ஐந்து ஆண்டு காலியாகக் கிடந்தால் அந்த அளவு கோபம் நமக்கு வருகிறதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வதுண்டு.

சங்கத்துக்குத் திரும்புவோம். இரண்டாவது பொங்கலுக்கு முன், பீரோவிலிருந்த ஆங்கில நகலை எடுத்துக்கொண்டு நாம் காரியதரிசியின் வீட்டுக்குப் போனோம். தவறு நம்முடையது, வாலை நறுக்கியவர் நாமே என்று சொன்னோம். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் வரிவரியாகப் படித்தார். படித்துவிட்டு, “தம்பி, ஆங்கிலப்படி நான் நிற்கலாம். ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் படித்தது உங்கள் தமிழைத்தானே?” என்றார். நமக்குப் பதில் தோன்றவில்லை.

மறுபடியும் பொதுக்குழு கூடியது. நகல் இரண்டையும் நாமே எழுந்து படித்து, எது எங்கே விட்டுப்போயிற்று என்பதைச் சபையறியக் கூறினோம். இளைஞர் கட்சியிலிருந்து ஒருவர், நடப்புத் தவணை ஒன்றை மட்டும் கணக்கில் சேர்க்கலாம், அதற்கு முந்தியதை விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார். நீண்ட நேரம் பேசி அதையே ஏற்றார்கள். இதன்படி காரியதரிசிக்கு இன்னும் ஒரு தவணை இருந்தது. அவர் நின்றார், ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தவணை வருகிற சித்திரையில் முடிகிறது.

சென்ற வாரம் அவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். உத்திரமேரூர்ச் சாசனத்தைப் பற்றி நாம் என்றோ சொன்னதை நினைவு வைத்திருந்தார். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்கள் உறவினரையும் குடத்துக்கு வெளியே நிறுத்தும் விதி அதில் உண்டு. “நம் விதிகளில் கணக்கு ஒப்படைப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, தம்பி. நான் இறங்குவதற்குள் அதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எந்தத் தேதிக்குள் என்பதை மறந்துவிடாதீர்கள்” என்றார். பத்தொன்பது ஆண்டுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமான வரவு செலவுப் புத்தகங்கள் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் அவர் வீட்டுப் பரண்மீது இருக்கின்றனவாம். இறக்கிவைக்க ஆள் வேண்டும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.